டர்பனில் சிறிய யோகா நிலையம் நடத்துகிறேன். எங்கள் பெயர் அச்சிட்ட பொருள்களில் எவற்றை விற்கலாம், எவற்றைப் பரிசாகக் கொடுக்கலாம்?

முதலில் ஒரு வேண்டுகோள்: விரிப்பில் ஓம் போடாதீர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வகுப்பு தொடங்கிய புதிதில் நான் அதைத்தான் செய்தேன். நாற்பது விரிப்புகள், நட்டநடுவில் பெரிய ஓம். முதல் நாளே முன்வரிசையில் இருந்த ஆயா ஒருவர் விரிப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "இதன் மேல் எப்படியம்மா கால் வைப்பேன்?" என்றார். என்ன பதில் சொல்வது? அவை இன்னும் என் பரண்மேல் கிடக்கின்றன.

விரிப்பு விற்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வகுப்புக்கு வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒன்று இருக்கும். இயற்கை ரப்பரில் வாங்கினால் வாடை அடிக்கும். சிலருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமையும் உண்டு.

பலர் பருவத்தை மறந்துவிடுகிறார்கள். ஜூன் 21ஐ யோகா நாளாக ஐ.நா. 2014இல் அறிவித்தது. வடக்கே அது கோடை, நமக்கோ நடுக்குளிர்காலம். அன்று கையில்லாத பனியனைப் பரிசாகக் கொடுத்தால் வாங்கியவர் மடித்து வைத்துவிடுவார். நான் பருத்திப் போர்வை கொடுத்தேன், ஓரத்தில் மட்டும் சிறிதாகப் பெயர் தைத்து. காலை வகுப்பில் சவாசனத்தில் படுத்தால் உடல் சில்லிட்டுவிடும், அப்போது போர்த்திக்கொள்ளலாம். பார்த்தவர்கள் விலைக்கும் கேட்டார்கள். டிசம்பர் புழுக்கத்துக்கு வியர்வை துடைக்கும் சிறு துண்டு போதும். தண்ணீர்ப் புட்டி என்றால் எஃகில் வாங்கி, பெயரை லேசரில் பொறிக்கச் சொல்லுங்கள். மேலே அச்சடித்தது கழுவக் கழுவ உரிந்துவிடும்.

விற்பனைக்கு என் முதல் தேர்வு துணிப்பை. திரை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை, தனிக் கட்டணம். ஆகவே ஒரே வண்ணம் போதும். விலை கேட்கும்போது 15% வாட் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன்.

பையில் தமிழிலும் பெயர் போட்டேன். எங்கள் மாணவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் ஆங்கிலப் பைக்கு முன்னால் தமிழ்ப் பைதான் விற்றுத் தீர்ந்தது. அதில் ஒரு கூத்தும் நடந்தது. அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. அவர்களுடைய மென்பொருளுக்கும் தெரியவில்லை. 'யோகா'வின் கொம்பு யகரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. அறுபது பைகள்! வாங்கியவர் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் ஒன்பது வயதுச் சிறுமிதான் கண்டுபிடித்தாள்.

எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்புங்கள். ஒரு மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மற்றவற்றை அச்சிடச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வந்த மாதிரியை நான் அந்தச் சிறுமியிடமே கொடுத்துச் சரிபார்த்தேன்.