3 அடி தொட்டிக்கு ஜாகுவார் சிக்லிட் வாங்கலாமா?

கேள்வி: வீட்ல 3 அடி தொட்டி ஒண்ணு காலியா கிடக்கு. கடைல 2 இன்ச் ஜாகுவார் சிக்லிட் குட்டி பார்த்தேன், கண்ணுலயே நிக்குது. தொட்டி எவ்ளோ பெருசோ அந்த அளவுக்குத்தான் மீனும் வளரும், தைரியமா எடுத்துட்டு போங்கன்னு கடைக்காரர் சொல்றார். நம்பி வாங்கலாமா? கூட என்னென்ன வாங்கணும்?

பதில்: அந்த தொட்டிக்குன்னா வேண்டாம் சகோ. தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்ங்கறது ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கற பொய், சின்ன தொட்டில மீன் வளராம நிக்குதுன்னா அது தன்னோட கழிவுலயே கிடந்து நோஞ்சானாகிட்டு இருக்குன்னு அர்த்தம். நிகராகுவால இருக்கற மனாகுவா ஏரி பேரைத்தான் ஜாகுவார் சிக்லிட்டோட அறிவியல் பேர்லயும் வச்சிருக்காங்க, மத்த மீனை வேட்டையாடி திங்கற ஜாதி, ஆண் மீன் தொட்டிலயே 14 இன்ச் தாண்டும், நல்லா பார்த்துக்கிட்டா 10 வருஷத்துக்கு மேல இருக்கும். குட்டில பக்கவாட்டுல தெரியற கறுப்பு பட்டை வளர வளர உடைஞ்சு உடம்பு பூரா புள்ளியா மாறும், அதை கூடவே இருந்து பார்க்கறது தனி சந்தோஷம்தான், அதனாலதான் சொல்றேன், முதல்ல தொட்டி, அப்புறம் மீன்.

ஒரே ஒரு மீனுக்கே 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் இருந்தா நிம்மதி. அதுல தண்ணி மட்டும் 650 லிட்டருக்கு மேல பிடிக்கும், அதாவது 650 கிலோவுக்கு மேல, கண்ணாடி ஸ்டாண்டு எடை தனி, அதனால தரை தாங்குமான்னு பார்த்துட்டு ஆர்டர் குடுங்க. காசை ஃபில்டர்ல போடுங்க. பெட்டில ஒரு மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கறது பெரும்பாலும் உள்ள மீடியா (தண்ணியை வடிகட்டற பொருள்) இல்லாம அளந்த கணக்கு, ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் எல்லாம் போட்டு அழுக்கும் சேர்ந்தா ஓட்டம் நல்லா குறைஞ்சிடும், சம்ப், அதாவது மீன் தொட்டிக்கு கீழ வைக்கற தனி ஃபில்டர் தொட்டி, வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது, ஹீட்டரையும் அதுக்குள்ளயே போட்டுடலாம், ஏன்னா இந்த மீன் இடிச்சு ஹீட்டர் கண்ணாடியவே உடைச்சிடும். செடி, பொம்மைக்கு செலவு பண்ணாதீங்க, வாயால மணலை அள்ளி அள்ளி துப்பி ஒரே ராத்திரில எல்லாத்தையும் புடுங்கி போட்டுடும். கல்லு வைக்கறதுன்னா மணல் போடறதுக்கு முன்னாடியே அடில உக்கார வச்சிடுங்க, மணல் மேல வச்சா அது தோண்டி தோண்டி கல்லு கண்ணாடி மேல சாயும்.

மீன் கழிவால தண்ணில சேர்ற விஷமான அம்மோனியா, நைட்ரைட் ரெண்டையும் பார்க்கற சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒண்ணு கட்டாயம். மீன் விடறதுக்கு முன்னாடி அம்மோனியா சொட்டு விட்டு 4-6 வாரம் ஃபில்டரை ஓட்டி அந்த விஷத்தை மாத்தற நல்ல பாக்டீரியா வளர விடுங்க, ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்தப்புறம் போய் மீன் எடுங்க.

எடுக்கும்போது உங்க கண்ணு முன்னாடி பெல்லட் (உருண்டை தீவனம்) போடச் சொல்லுங்க. பாய்ஞ்சு வந்து திங்கணும், வயிறு ஒட்டியிருக்கக் கூடாது, தலைல சின்ன சின்ன குழி இருந்தா வேண்டவே வேண்டாம். உயிர் மீன்தான் திங்கும்னு சொல்லி கூடவே கோல்டு ஃபிஷ் குட்டி விப்பாங்க, அது மூலமா நோய்தான் வரும், பெல்லட்டுக்கு நல்லாவே பழகும்.

பெரிய தொட்டி இப்போ முடியாதுன்னா, வாங்கிட்டு பின்னாடி ஏரில குளத்துல விட்டுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அங்க இருக்கற மீனையெல்லாம் தின்னு தீர்த்துடும். உங்க 3 அடி தொட்டிக்கு அதே மத்திய அமெரிக்காலேர்ந்து வர்ற ஃபயர்மவுத் சிக்லிட் ஜோடி சரியா இருக்கும், 6 இன்ச்தான், கோவம் வந்தா செவுளை விரிச்சு தொண்டையெல்லாம் செக்கச்செவேல்னு காட்டும் பாருங்க, அவ்ளோ அழகு.