காளையை விற்ற பிறகு அதன் விந்தில் பங்கு உண்டா?

பர்கூர் மலையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் தன் செம்மறை (சிவப்பில் வெள்ளைத் திட்டுள்ள பர்கூர் இன) பொலிகாளையை ஒரு தனியார் பண்ணைக்கு விற்றார். பண்ணை இப்போது அதன் உறைவிந்துக் குச்சிகளை (சினை ஊசிக்காக உறைய வைத்த விந்து அடைத்த குழல்களை) ‘அசல் பர்கூர்’ என்று விற்கிறது. ‘பாட்டன் காலத்திலிருந்து பட்டி போட்டுக் காத்த இனம், பங்கு கேட்டு வழக்குப் போடலாமா?’ என்கிறார்.

ஐயா, பாட்டன் கதையையும் பண்ணைக்காரர் போனை எடுக்காததையும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய ரசீது நகலின் மூன்றாவது வரி மட்டும் போதும்: ‘கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை.’ காளையோடு விந்தும் போய்விட்டது.

பர்கூர் இனம், கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் கர்னால் தேசிய நிறுவனத்தில் பதிவாகியிருப்பது உண்மை. அது மாட்டுக்கு அடையாளம். உங்களுக்குப் பட்டா அல்ல. பயிர் ரகங்களில் உழவருக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. மாடு வளர்ப்பவருக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுந்த குழி உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002. ‘வணிகப் பயன்பாடு என்றால் பலனில் பங்கு’ என்று யாரோ சொல்ல, நோட்டீஸ் அனுப்பிவிட்டு வருகிறார்கள். ‘வணிகப் பயன்பாடு’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தின் பின்பாதியை யாரும் படிப்பதில்லை: கால்நடை வளர்ப்பில் வழக்கமான இனப்பெருக்கம் வணிகப் பயன்பாட்டில் சேராது. சினை ஊசி போடுவது அதற்குள்தான் வரும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். எளிதில் எடுபடும் வாதம். மரபணுவை ஆய்வகத்தில் மாற்றி வேறு இனத்தில் ஏற்றினாலோ, வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலோ கதை வேறு. அதற்கு ஆதாரம் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு விளம்பரத் துண்டு.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலுக்கும், பல்லுயிர் சார்ந்த மரபறிவுக்கும் உரிமை தருகிறது. அது சமூக உரிமை. கிராம சபை வழியாகத்தான் கேட்க முடியும். பழங்குடியினர் அல்லாதவர்கள் 75 ஆண்டு, மூன்று தலைமுறை குடியிருப்பைக் காட்ட வேண்டும். உங்கள் காளைக்கு அது உதவாது.

சமரசமாகப் போங்கள். பணத்தைவிட உங்கள் பட்டிக்கு நூறு குச்சிகள் கேளுங்கள். சமரசப் பத்திரத்திலும் ‘எவ்விதப் பாத்தியமும் இல்லை’ என்ற வரியை நுழைப்பார்கள். ‘இந்தக் காளையைப் பொறுத்து மட்டும்’ என்று சேர்க்காமல் கையெழுத்திடாதீர்கள். தடுப்பூசி முகாம் என்று வந்து ரத்த மாதிரி எடுப்பவர்களிடம் வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கவும் வேண்டாம். பேச்சை ஆடிக்கு முன்பே முடியுங்கள். அடுத்த காளைக்கு அவர் உங்கள் மலைக்குத்தான் வந்தாக வேண்டும்.