பள்ளிக்குச் செகண்ட் ஹேண்ட் சிஸ்டம்: நேர்மையாகச் செய்தால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: சிறு நகரத்தில் கணினி விற்பனை, சர்வீஸ் கடை நடத்துகிறேன். பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி தன் ஆய்வகத்துக்கு 20 செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் கேட்கிறது. இன்னொரு கடைக்காரர் விண்டோஸ் 11, ஆபிஸ் எல்லாம் போட்டு, பில் இல்லாமல் செட் 11,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், டிஸ்க் இல்லாமல் 6,500க்குக் கிடைக்கிறது. 19 இன்ச் மானிட்டர் 2,000, புது 256 ஜிபி எஸ்எஸ்டி 2,000. முறைப்படி செய்தால் அவர் விலைக்கு என்னால் இறங்க முடியாது. கம்ப்யூட்டர் ஆசிரியர் கமிஷனும் எதிர்பார்க்கிறார். அங்கே கரண்ட் அடிக்கடி போகும், வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றுதான் இருக்கிறது. இந்த ஆர்டரை எடுக்கலாமா?

பதில்: எடுங்கள். ஆனால் 20 சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் கொடுக்காதீர்கள், 15க்குக் கொடுங்கள்.

நீங்கள் சொன்ன விலையை வைத்தே கணக்குப் போடுவோம். சிபியு 6,500, மானிட்டர் 2,000, எஸ்எஸ்டி 2,000. புது கீபோர்டு, மவுஸ் 500. பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், போர்டில் தேதி, நேரத்தைக் காக்கும் சிமாஸ் பேட்டரி 150. வண்டி வாடகை 300. இரண்டு மணி நேர வேலைக்கூலி 400. வாரண்டிக்கென்று ஒதுக்க வேண்டியது 600. கூட்டினால் 12,450. உங்கள் லாபம் 1,200 சேர்த்து 13,650. 15 செட்டுக்கு 2,04,750 ரூபாய் ஆகிறது. பழைய பொருளை உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்காமல் வாங்கி விற்பவர்கள் ஜிஎஸ்டி விதி 32(5)இன்படி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். புது உதிரிகளுக்கு வழக்கமான வரி, அதற்கு வரவும் உண்டு. ஆக, செட்டுக்கு ஏறக்குறைய 500 ரூபாய் வரி வரும் (பில் போடும் விதத்தை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்). மொத்தம் 2,12,250. அந்தக் கடைக்காரரின் 20 செட் 2,20,000. பள்ளி எடுத்துவைத்த அதே பணத்தில் உங்கள் 15 செட்டும் அடங்கி, 7,750 மிஞ்சுகிறது. அதை எர்த்திங் வேலைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

வாரண்டிக்கு ஒதுக்கும் 600 ரூபாயைத்தான் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவர்தான் நான்காம் மாதம் போனை எடுக்கமாட்டார். 15 செட்டுக்கு 9,000 ரூபாய். அதில் அதே மாடல் சிபியு ஒன்றை வாங்கிக் கடையில் வைத்துவிடுங்கள். மீதி 2,500 கீபோர்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும்.

அதே மாடல் என்பது முக்கியம். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என எது கிடைத்தாலும் 16ம் ஒரே மாடலாக இருக்கட்டும். இந்தக் கம்பெனி மிஷின்களில் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) கனெக்டர் பெரும்பாலும் வழக்கமான 24 பின் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கேபினெட்டின் வடிவமும் வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே பொருந்தாது. நான்கு மாடல் கலந்து வாங்கினால் நான்கு விதமான ஸ்பேர் வைக்க வேண்டியிருக்கும். ஒரே மாடல் என்றால் ஒரு மிஷினைப் பிரித்தே மற்ற எல்லாவற்றுக்கும் உதிரி எடுக்கலாம், எல்லாம் நிறுவிய ஒரு டிஸ்க்கின் நகலை (இமேஜ்) எல்லாவற்றிலும் ஏற்றலாம்.

அடுத்தது சோதனை. பழைய ஹார்டு டிஸ்க்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் போடாதீர்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197, 198 எண்களில் பூஜ்யத்துக்கு மேல் எதுவும் இருந்தால் அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூஜ்யமே இருந்தாலும் நம்ப முடியாது. ஓடிய மணிக்கணக்கை அழித்துப் புதியதுபோல் காட்டும் மென்பொருள் சந்தையில் இருக்கிறது. புது எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் 2,000தான் இந்த ஆர்டரிலேயே வீணாகாத செலவு.

ராமை மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை மென்பொருள் போட்டு முழுதாக ஒரு சுற்றாவது ஓட்டுங்கள், இரவு முழுக்க ஓடினால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பிட் கெட்டிருந்தால்கூட மிஷின் வாரம் ஒருமுறை காரணமில்லாமல் உறையும். எல்லோரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் குறை சொல்லி நாலு தடவை ஃபார்மட் அடிப்பார்கள். பிராசசரின் பழைய பேஸ்ட் பெரும்பாலும் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பாதிப் பட்டாணி அளவு புதிது வையுங்கள். பிறகு அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டி 85 டிகிரிக்குள் நிற்கிறதா பாருங்கள். சிமாஸ் பேட்டரியை அளந்து பார்க்கக்கூட வேண்டாம், எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். அது இறங்கினால் தேதி பின்னோக்கிப் போய், பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். பள்ளியிலிருந்து உங்களுக்கு 'நெட் வரவில்லை' என்று போன் வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸை லோடில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். போர்டில் கபாசிட்டர் தலை உப்பியிருந்தால் அந்த மிஷினைத் திருப்பிக் கொடுங்கள். கடைசியாக 24 மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். பிறகு ஆறவைத்து ஆறவைத்து ஆன் செய்யுங்கள், பத்து முறையாவது. சூடாக இருக்கும்போது நன்றாக ஓடி, காலையில் முதல் தடவை எழும்பாத மிஷின் இப்படித்தான் பிடிபடும்.

இத்தனையையும் மிஷினுக்கு ஒரு பக்கம் என்று எழுதுங்கள்: சீரியல் எண், தேதி, ராம் சோதனை முடிவு, வெப்பம், வோல்டேஜ், சோதித்தவர் கையெழுத்து. இந்த 15 பக்கங்களைக் கொட்டேஷனோடு தாளாளரிடம் கொடுப்பதாகச் சொல்லுங்கள். எதிர்க்கடைக்காரரிடமும் இதையே கேளுங்கள் என்று சொல்லுங்கள். விலை பேசும் இடத்தில் உங்களுக்கு இதைவிடப் பெரிய பலம் வேறு கிடையாது.

இனி விண்டோஸ். விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். ஆறாம் தலைமுறையில் அதைப் போடுகிறவர் சோதனையைத் தாண்டிக் குதித்துத்தான் போடுகிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. திருட்டு ஆபிஸை ஆக்டிவேட் செய்யும் கருவிகள் முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். அதோடு எது உள்ளே வருகிறது என்று போட்டவருக்கே தெரியாது. மாணவர் விவரமும் கட்டண விவரமும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கும். சட்டமும் இருக்கிறது: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இது போட்டுக்கொடுத்தவரோடு நிற்பதில்லை, பள்ளி மேலும் பாயும். தாளாளருக்கு இது தெரிந்திருக்காது. மிரட்டாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மாற்று லினக்ஸ்தான். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். லிப்ரே ஆபிஸ், பைத்தான், சி++ கம்பைலர், ஸ்கிராட்ச், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். 'பாடத்துக்கு ஒத்துவருமா' என்று ஆசிரியர் கேட்பார். 2018இல் வந்த தமிழ்நாட்டு 11ஆம் வகுப்புப் பாடநூல்களிலேயே உபுண்டுவும் ஓப்பன் ஆபிஸும் பாடமாக இருக்கின்றன, புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே தனி லினக்ஸ் தயாரித்துக் கொடுத்து வருகிறது. பள்ளி விண்டோஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் எட்டாம் தலைமுறை மிஷினும் முறையான லைசென்ஸும் சேர்த்துத் தனிக் கொட்டேஷன் கொடுங்கள். விலை கூடும், அதை மறைக்க வேண்டாம்.

ஒரு மிஷினில் எல்லாம் நிறுவி, ஆசிரியரை இரண்டு நாள் அதில் வேலை செய்யவிட்டு, குறை தீர்ந்த பிறகே குளோன்ஜில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளால் மற்ற பதினான்கில் ஏற்றுங்கள். ஏற்றியதும் ஒவ்வொன்றிலும் ஹோஸ்ட் பெயரையும் மிஷின்-ஐடியையும் மாற்றிவிடுங்கள். இரண்டு மிஷின் ஒரே அடையாளத்தோடு இருந்தால் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று குழப்பும்.

இப்போது மின்சாரம். இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டி, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் சிறு கபாசிட்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தை எப்போதும் விடும். எர்த் இல்லாவிட்டால் அது போக இடமில்லாமல் கேபினெட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். தொட்டால் சுருக்கென்று இழுப்பது அதனால்தான். எர்த் இல்லாத பள்ளியில் சில எலெக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டின் எர்த் பின்னை நியூட்ரலோடு முறுக்கிவிடுகிறார்கள். சுருக்கு நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், அறையிலுள்ள கேபினெட் அத்தனையும் 230 வோல்ட்டில் நிற்கும், அவற்றைத் தொட்டுக்கொண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சாக்கெட்டையாவது கழற்றி இதைப் பார்க்காமல் சிஸ்டத்தை இறக்காதீர்கள்.

மல்டிமீட்டர் மட்டும் போதாது. ஏதோ தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்ட எர்த்தும் லோடு இல்லாதபோது பேஸுக்கு 230 காட்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து, ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தும் முன்பே பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு மங்கினால் அது எர்த்தே இல்லை, புதுக் குழி வேண்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வருவது நல்லது. லோடில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நியூட்ரல் இணைப்பு எங்கோ லூசாக இருக்கலாம். அந்த 7,750ஐ ஒதுக்கச் சொன்னது இதற்குத்தான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும், ஆனால் 15 சிஸ்டத்தையும் ஒன்றிலேயே போடாதீர்கள். சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து 1 மில்லி ஆம்பியருக்கு மேல் கசியக்கூடும். 30 என்று எழுதியிருக்கும் ஆர்சிசிபி 15க்கு மேலேயே விழலாம். காரணமில்லாமல் அடிக்கடி விழுந்தால் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். ஐந்து சிஸ்டத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரியுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம். கரண்ட் போனதும் அது மாற எடுக்கும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் எப்போதும் தாங்காது, பாதி மிஷின் ரீஸ்டார்ட் ஆகும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் புது வகை எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கும். சிபியுவும் மானிட்டரும் ஓடும்போது 60 வாட் என்று வைத்தால் 15க்கு 900 வாட். 2 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் பொருத்தம். அதற்குப் பணம் இல்லையென்றால் இரண்டு சிஸ்டத்துக்கு ஒரு 600 விஏ யூபிஎஸ், சேமித்து மூடும் அளவுக்கு நேரம் கிடைக்கும். இது 2,12,250இல் அடங்காது. கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள்.

கமிஷன் விஷயம். கொடுக்காதீர்கள். செட்டுக்கு 500 என்றாலும் வாரண்டிக்கு ஒதுக்கிய 600இல் பெரும்பகுதி போய்விடும், உங்கள் லாபத்தைத் தவிர வேறு எங்கும் பணம் இல்லை. பணம் வாங்கிய ஆசிரியர் பிறகு பழுதைப் பற்றி வாய் திறக்கவும் மாட்டார், அது பிள்ளைகளுக்குத்தான் நட்டம். அவரை எதிரியாக்கவும் வேண்டாம். 'சார், அந்தப் பணத்துக்கு உங்களுக்கு ஒரு நாள் லினக்ஸ் பயிற்சியும் ஒரு ஸ்பேர் எஸ்எஸ்டியும் ஆய்வகத்துக்கே தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். கொட்டேஷனைத் தாளாளர் பெயருக்கு எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். பிற்பாடு அரசுப் பள்ளி ஆர்டருக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான்.

வாரண்டியை எழுத்தில் கொடுங்கள்: ஒரு வருடம், மூன்று வேலை நாளுக்குள் சரி செய்வது, முடியாவிட்டால் ஸ்பேர் மிஷின். கீபோர்டு, மவுஸுக்கு மூன்று மாதம். தண்ணீர் கொட்டினாலோ எலி கடித்தாலோ இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

பள்ளியின் பழைய சிஸ்டங்களை எக்ஸ்சேஞ்சில் எடுக்க நேர்ந்தால், அவற்றில் பிள்ளைகளின் ஆதார் எண், புகைப்படம், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். க்விக் ஃபார்மட்டை நம்பி அவை அழிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கை 'என்வைப்' (nwipe) மாதிரியான அழிப்பு மென்பொருளால் முழுக்க ஒருமுறை மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டிக்கு அது போதாது, செக்யூர் இரேஸ் கட்டளை வேண்டும். ஓடாத டிஸ்க்கில் தட்டைத் துளைத்துவிடுங்கள். அழித்த டிஸ்க்குகளின் சீரியல் எண்ணை எழுதிப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். செத்த போர்டுகளைக் காயலான் கடைக்கு எடை போடாதீர்கள். அவை தங்கத்துக்காக அமிலத்தில் வெந்து, கழிவு யாரோ ஒருவர் கிணற்றில் இறங்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒரு நடைக்குத் தேவையான அளவு சேரும்வரை, 180 நாளுக்கு மேற்படாமல், கடையின் காய்ந்த மூலையில் மூட்டை கட்டி வைத்திருக்கலாம். யூபிஎஸ் பேட்டரியை மட்டும் அதோடு கலக்காமல், புது பேட்டரி வாங்கும் டீலரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.