பதினாறு நொடிப் பாட்டு

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரை ஒன்றில், ராத்திரி கணினியில் இசை அமைத்துப் பார்ப்பதாகப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கு 52 வயது. செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்தில் சிறுமியாக இருந்தபோது ஏழு வருடம் வீணை கற்றேன். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்ததும் வாசிப்பு நின்றுபோனது. வீணை உறையோடு அலமாரிக்கு மேல் இருக்கிறது.

போன வருடம் மகன் தேசிய சேவைக்குப் போனான். அவனுடைய லேப்டாப்பும் 25 கட்டைகள் உள்ள சின்ன கீபோர்டும் சும்மா கிடந்தன. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன் பேண்ட்லேப் என்ற இசை மென்பொருளில் எப்படி இசை போடுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். ஏழு மாதத்தில் 41 கோப்புகள் சேர்ந்துவிட்டன. எல்லாமே பதினாறு நொடி. அந்தப் பதினாறு நொடி நன்றாகத்தான் இருக்கிறது, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ரசிக்கிறேன். அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. திரையின் மேலே 120 என்று ஓர் எண் இருக்கிறது. பயத்தில் அதைத் தொட்டதே இல்லை.

கீபோர்டில் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வரவில்லை என்பது இன்னொரு வருத்தம். நல்ல ஸ்பீக்கரும் பெரிய கீபோர்டும் வாங்கினால் எல்லாம் சரியாகுமா? "செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிஷத்தில் பாட்டுப் போட்டுவிடும், நீ ஏன் அம்மா கஷ்டப்படுகிறாய்" என்கிறான் மகன். என் வீணை டீச்சர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வாசகி, செங்காங்

*

அன்புள்ள டீச்சர்,

பதினாறு நொடி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், என் பழைய கோப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தொடப் பயப்படும் அந்த 120, ஒரு நிமிடத்துக்கு 120 தட்டு. அதாவது தட்டுக்கு அரை நொடி. மென்பொருள் தானாகக் கொடுக்கும் தாளம் 4/4, பாருக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, நான்கு தட்டு. எட்டு பாரைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாகப் போட்டால் 32 தட்டு. பதினாறு நொடி! நாற்பத்தொரு தடவையும் அதே நீளம் வந்தது என்றால் அந்த நீளத்தை நீங்கள் முடிவு செய்யவில்லை. பெட்டியைக் காலியாக விடக்கூடாதே என்று யாரோ ஒரு புரோகிராமர் போட்டுவைத்த எண் முடிவு செய்திருக்கிறது.

அதனால் முதல் வேலையாக அந்த எண்ணைத் தொடுங்கள். ஒன்றும் வெடிக்காது. 84 போடுங்கள், 70 போடுங்கள். பக்கத்தில் இருக்கும் 4/4ஐ 7/8 ஆக்குங்கள். உங்களுக்குப் பழகின மிஸ்ர சாபு தாளம்தான் அது. தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகப் பிரித்துக் காட்ட மென்பொருளுக்குத் தெரியாது, உங்கள் கைக்குத் தெரியும். (120லேயே வைத்திருந்தால் எட்டு பார் இப்போது பதினான்கு நொடி. நீட்டச் சொன்னால் குறைத்துக் கொடுக்கிறானே என்று நினைக்கலாம். பரவாயில்லை, இந்தப் பதினான்கு நீங்கள் தேர்ந்தெடுத்தது.)

அப்புறம் நகராத விஷயம். கணினியில் இசை அமைக்க உட்காரும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் நோய் இது. என்னிடம் இப்படி நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. லூப் ஓடிக்கொண்டே இருக்கும், காது அதற்குப் பழகும், பழகினதெல்லாம் இனிக்கும், இனிக்கிறதில் கைவைக்க மனசு வராது. மேலே ஒரு தாளத்தைச் சேர்ப்போம், ஒரு மணியோசையைச் சேர்ப்போம். உயரம் ஏறும், நீளம் ஏறாது. உங்களிடம் இருப்பது 41 பல்லவிகள், டீச்சர். அனுபல்லவி எடுக்கத்தான் தயக்கம்.

இதற்காக லூப்பைத் திட்ட வேண்டியதில்லை. தம்பூரா என்ன? நான்கு தந்தி, மணிக்கணக்கில் அதே வரிசை. மேலே பாட்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பதால் கச்சேரியில் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. 1982இல் சரண்ஜித் சிங் என்று பம்பாயில் ஒருவர், இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர், ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாகப் போட்டார். அந்த மூன்றில் ஒன்று டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்கு பேஸ் கிட்டார் துணை இருக்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி. பேஸ் கிட்டார் போலவே ஒலிக்காததால் விற்காமல் போய், சில வருடத்தில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு சிகாகோவில் அதைப் பழைய சாமானாக மலிவாக வாங்கின பையன்கள் குமிழ்களைத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற இசையையே உண்டாக்கினார்கள். சிங்கின் இசைத்தட்டும் வந்த காலத்தில் விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான், ஆசிட் ஹவுசுக்கு முன்னாலேயே இந்தச் சத்தமா என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். 2015இல் அவர் காலமானார்.

தேடிக் கேளுங்கள். அடியில் டிரம் இயந்திரம் தன்பாட்டுக்கு ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றிக் கவலையே படாமல் மேலே ராகம் கீழ்ஸ்தாயியில் ஆரம்பித்து, சுற்றி, ஏறி, இறங்கி வரும். உங்கள் எட்டு பாருக்கு மேலே நடக்காதது அதுதான்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கொஞ்சம் முரட்டுத்தனமானது. 41இல் ஒன்றை எடுங்கள். ரொம்பப் பிடித்தது வேண்டாம், அதில் கைவைக்க மாட்டீர்கள். மூன்றாவதோ நான்காவதோ பிடித்ததை எடுத்து, அந்த எட்டு பாரையும் அப்படியே பத்து தடவை ஒட்டிவிடுங்கள். 160 நொடி, இரண்டு நிமிடம் நாற்பது. நீளம் முடிந்தது. இனி பெரும்பாலும் எடுக்கிற வேலைதான். முதல் எட்டு பாரில் சுருதியையும் ஒரே ஒரு வாத்தியத்தையும் விட்டு மற்றதெல்லாம் எடுத்துவிடுங்கள். இரண்டாவதில் தாளம் மட்டும் நுழையட்டும். நான்காவதில் தாளத்தைப் பிடுங்குங்கள். எங்கே போனது என்று காது தேடும், தேடட்டும். ஐந்திலும் ஆறிலும் பழைய மெட்டை அழித்துவிட்டு மேல் ஸட்ஜத்தை நோக்கிப் போகிற மாதிரி வேறொன்று வாசியுங்கள். அனுபல்லவி அப்படித்தானே மேலே போகும், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கடைசி எட்டில் ஒவ்வொன்றாக வெளியே அனுப்புங்கள். முதல் தடவை ஒட்டுப்போட்ட சட்டை மாதிரிதான் வரும். எனக்கு முதல் ஆறு அப்படித்தான் வந்தது. ஆனால் ஒரு பாட்டுக்கு முடிவு வைக்க வேண்டிய இடத்தில் என்ன பயம் வரும் என்பது, முடிக்கிற வரை தெரியாது.

கமகத்துக்கு வருகிறேன். கீபோர்டின் இடது பக்கம் ஒரு சக்கரமோ பட்டையோ சின்னக் குச்சியோ இருக்கும், பிட்ச் பெண்ட் என்பார்கள். வீணையில் வலது கை மீட்டும், இடது கை மெட்டில் தந்தியை இழுக்கும் இல்லையா? இங்கேயும் வலது கை கட்டையை அழுத்துகிறது, சுரத்தை வளைப்பது இடது கை. கைகள் வேலையைப் பிரித்துக்கொள்வது அதேதான். ஏழு வருடப் பழக்கம் வீண்போகாது. சக்கரம் வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம்தான் போகும் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருப்பது ஓர் அரைச்சுரம்). ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம் வரை இழுக்கலாம், காந்தாரத்தை எட்டாது. அந்த எல்லையைப் பல மென்பொருள் வாத்தியங்களின் அமைப்புகளில் ஏழாகவோ பன்னிரண்டாகவோ கூட்டலாம். 1983இல் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற முறை வந்தபோதே இதற்கென்று தாராளமாக இடம் ஒதுக்கிவிட்டார்கள். சத்தம் கூட்டிக் குறைப்பது போன்றவற்றுக்கு 128 படிதான், இந்தச் சக்கரத்துக்கு மட்டும் 16,384. படி தெரியாமல் வழுக்கும்.

கமகத்தைவிட என்னைப் படுத்தினது காந்தாரம். கீபோர்டு பன்னிரண்டு சுரத்தையும் சம இடைவெளியில் வைத்திருப்பதால், அதன் அந்தர காந்தாரம் நம் காது கேட்கிற இடத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே நிற்கும். தம்பூராவோடு சேர்த்து நீளமாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு படபடப்பு கேட்கும். கீபோர்டின் நடுவில் இருக்கும் C கட்டையில் ஸட்ஜத்தை வைத்தால் நொடிக்குப் பத்து தடவை. கீபோர்டில் ஏதோ ஒட்டவில்லை என்று உங்களுக்கு இத்தனை நாள் தோன்றியிருந்தால் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். சர்ஜ் எக்ஸ்டி என்று ஒரு சிந்தசைசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, லேப்டாப்பில் தனியாகவும் ஓடும். சுருதி அட்டவணையைக் கொடுத்தால் அதன்படி பன்னிரண்டையும் நகர்த்திக்கொள்ளும். மகன் அடுத்த சனிக்கிழமை தூங்குவதற்கு முன்னால் இதைப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, வாங்குவதைப் பற்றி. வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் வாங்கினேன். 2017இல் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு எட்டு அங்குல ஸ்டூடியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடி. என் அறை மூன்று மீட்டர் அகலம், வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறைதானே. அந்த அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். பேஸ், அதாவது கனத்த கீழ்ச்சத்தம், அங்கே தொடும்போதெல்லாம் கட்டில் அதிரும். ஆகா என்ன பேஸ் என்று நான் அதைக் குறைத்துக்கொண்டே வருவேன், காலையில் பேருந்தில் ஹெட்போனில் கேட்டால் பேஸே இருக்காது. மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மின்தூக்கியில் கீழ்வீட்டுச் சீன அம்மா, உங்கள் துணி துவைக்கிற இயந்திரம் கெட்டுவிட்டதா, ஏன் ராத்திரி பதினொரு மணிக்குத் துவைக்கிறீர்கள் என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார். என் இசையைக் கேட்டு முதன்முதலில் கருத்துச் சொன்னவர் அவர்தான். ஸ்பீக்கரைக் கரோசெல் என்ற பழைய சாமான் தளத்தில் பாதி விலைக்குத் தள்ளினேன். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று, நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குள் போதும். உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதுவும் வேண்டாம்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் பேண்ட்லேப்பே நம் ஊர்க் கம்பெனிதான், தெரியுமோ என்னவோ. அதற்கும் முன்னால் கிரியேட்டிவ். சிம் வோங் ஹூ, ஹார்மோனிகா வாசித்தவர், 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கடையாக ஆரம்பித்தது. 1989இல் அவர்கள் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான், பீப் என்று மட்டும் சொல்லத் தெரிந்த கணினிகளை உலகம் முழுக்கப் பாட வைத்தது. 1992இல் நானும் ஒன்று வாங்கினேன். அதில் ஒலியை உண்டாக்கும் எஃப்எம் சில்லில் ஒரே நேரத்தில் ஒன்பது குரல், பத்தாவது கிடையாது. அந்த ஒன்பதில் நான்கு பாட்டு முடித்தேன். எண்ணிக்கை இல்லாமல் தடங்கள் கிடைக்கிற இந்தக் காலத்தில்தான் நூறு கோப்பு பாதியில் கிடக்கிறது. நீங்கள் ஐந்து தடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆறாவது வேண்டும் என்றால் ஒன்றை அனுப்பிவிட்டுத்தான்.

அலமாரியில் இருக்கும் வீணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கச்சேரி வாசிக்க இல்லை, பக்கவாட்டில் இருக்கும் தாளத் தந்தி ஒன்றை மட்டும் மீட்டிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, மென்பொருளில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அந்த ஒரு மீட்டலைக் கட்டைக்கு ஒன்றாகப் பரப்பிவிட்டால், வேறு யாரிடமும் இல்லாத ஒரு வாத்தியம் உங்களிடம் இருக்கும். அதேபோல் விடிகாலை ஐந்து மணிக்குச் செங்காங் குயில்கள் செய்கிற அமர்க்களம், கோப்பிக்கடையில் கரண்டி கிளாஸில் படும் சத்தம், எல்லாம் இலவசம். சினிமாப் பாட்டிலிருந்து துண்டு வெட்டிப் போடுவதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் உரிமைப் பிரச்சினை வரும்.

மகன் சொல்வது உண்மைதான், ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். ஸ்டிக்கர் கோலமும்தான் தேக்காவில் விற்கிறார்கள். உங்கள் புளோக்கில் யாராவது இன்னும் மாவெடுத்துப் போடுகிறார்களா என்று பார்த்து அவனிடம் சொல்லுங்கள். உங்கள் வீணை டீச்சர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எப்படிச் சொல்ல? ஆனால் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைக் கச்சேரி மேடைகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. அவரும் ஏதாவது ஒருநாள் அதன் குமிழைத் திருகியிருப்பார்.

அந்த இரண்டு நிமிடம் நாற்பது நொடி எப்படி வந்தாலும் எனக்கு அனுப்புங்கள். நன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை, முடிந்திருந்தால் போதும். ஹெட்போனில்தான் கேட்பேன். கீழ்வீட்டு அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.