கேள்வி–பதில்: பழைய ஸ்பீக்கரா, புதிய பதிப்பா?

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். ஒருவர் 1970களின் ஜேபிஎல் எல்100 செஞ்சுரி ஸ்பீக்கர் ஜோடியை விற்கிறார். அதே தோற்றத்தில் எல்100 கிளாசிக் கடையில் புதிதாகக் கிடைக்கிறது, ஆனால் விலை மிக அதிகம். என்னிடம் இருப்பது அந்தக் காலத்து ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி). எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டம் கட்டமான நுரை முகப்பு, வெள்ளைக் கோன் போட்ட 12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பாகம்) எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது வேறு ஸ்பீக்கர். 1970இல் வந்த எல்100, ஸ்டூடியோக்களில் ஓடிய 4310 மானிட்டர் ஸ்பீக்கரின் வீட்டுப் பதிப்பு. அதில் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து அந்தந்த பாகத்துக்கு அனுப்பும் சுற்று) என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. வூஃபர் ஆம்ப்பிலிருந்து வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும், நடு ஒலி தரும் மிட்ரேஞ்சுக்கும் உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்கும் மட்டும், தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் கெபாசிட்டர் உண்டு. ட்ரம்ஸும் கிட்டாரும் முகத்துக்கு நேரே பாய்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம், சிலர் அதற்காகவே உயிரை விடுவார்கள், சிலருக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். 2018இல் அறிமுகமான கிளாசிக்கில் காகிதக் கோன் ட்வீட்டர் போய் டைட்டானியம் டோம் வந்தது, முறையான கிராஸ்ஓவரும் வந்தது. அடக்கமான, சமமான ஒலி. நீங்கள் கேட்டு மயங்கியது பழையதை என்றால் புதியதில் அது கிடைக்காது.

முக்கியமான விஷயம் ரிசீவர். பழைய எல்100 8 ஓம், கிளாசிக் 4 ஓம். ஓம் குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும். ரிசீவரின் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். குறைந்தது 8 என்றிருந்தால் கிளாசிக்கோடு புது ஆம்ப்பும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வெளியானபோதே ஜோடி 4000 அமெரிக்க டாலர், ஸ்டாண்டுக்குத் தனிக்காசு!

விற்பவர் வீட்டுக்குப் போனதும் நுரை முகப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அசல் என்றால் கையிலேயே பொடிப்பொடியாக உதிரும், உதிரட்டும், மாற்று கிடைக்கிறது. வூஃபரின் ஓரத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அசல் ஓரம் மடிப்பு மடிப்பாக, துணியில் மருந்து தடவியதுபோல் இருக்கும், நுரை இல்லாததால் ஐம்பது வருடம் ஆனாலும் அவ்வளவு எளிதில் இற்றுப்போகாது. அங்கே நுரையோ ரப்பரோ தெரிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் முன்பக்கம் பிரசன்ஸ் (நடு ஒலிக்கு), பிரில்லியன்ஸ் (ட்வீட்டருக்கு) என்று இரண்டு குமிழ்கள். பாட்டு ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள். கரகரவென்றால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும், ஓரிடத்தில் ஒலி போய் அடுத்த இடத்தில் வந்தாலும் பெரும்பாலும் குமிழின் கோளாறுதான். எங்கே திருப்பினாலும் ட்வீட்டரில் மூச்சுப் பேச்சே இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள், நல்ல அசல் ட்வீட்டரைத் தேடி அலைவது லேசில்லை. கெபாசிட்டர் மாற்றுவதெல்லாம் சில்லறைச் செலவு.

இதெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் ரிசீவருக்குப் பழையதுதான்.

கேள்வி: பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் வாங்க ஆசை. ரோஜர்ஸ் நிறுவனத்தின் பழைய 15 ஓம் ஜோடியா, ஃபால்கன் நிறுவனம் புதிதாகச் செய்வதா?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: இங்கே என் பதில் தலைகீழ். புதியது.

வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள், இடுக்கில் உட்கார்ந்து, குரல் சரியாக வருகிறதா என்று கேட்பதற்காக 1970களில் பிபிசி பொறியாளர்கள் உருவாக்கிய சின்னப் பெட்டி இது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார் என்று பல பேர் உரிமம் வாங்கிச் செய்தாலும் உள்ளே கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும்தான். 1980களின் கடைசியில் 15 ஓம் போய் 11 ஓம் வந்தது, 1990களின் கடைசியில் அந்த டிரைவர்களின் (வூஃபர், ட்வீட்டர்) உற்பத்தி நின்றுபோனதும் பழைய கதை முடிந்தது. ஃபால்கனைத் தொடங்கிய மால்கம் ஜோன்ஸ்தான் கேஇஎஃப்பில் இருந்தபோது அந்த பி110, டி27 இரண்டையும் வடிவமைத்தவர். அதே டிரைவர்களைத் திரும்பச் செய்து 15 ஓம் வகையையே கொண்டுவந்திருக்கிறார்கள், ஆகவே இது வெறும் பெயர்ப் பலகை இல்லை.

இந்த ஸ்பீக்கரின் பெருமையே இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்த வேண்டும் என்ற பிபிசியின் கண்டிப்பு. நாற்பது வருடத்தில் கோனும் கெபாசிட்டரும் ஆளுக்கொரு பக்கம் விலகியிருந்தால் அந்தப் பொருத்தம் எங்கே இருக்கும்? பழைய ஜோடிக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையில் பாதி பேட்ஜுக்குத்தான் போகிறது. அப்படியும் பழையதுதான் வேண்டும் என்றால் சீரியல் எண்கள் ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டின் ஒலியையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் சின்ன அறையில் வையுங்கள். ஐந்து லிட்டர் பெட்டி, சென்சிட்டிவிட்டியும் (ஆம்ப் கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 83 டெசிபல் பக்கம்தான், குறைவு. இதில் தவில் கேட்டுச் சுவர் அதிர வேண்டும் என்று நினைத்தால் வருத்தம்தான் மிஞ்சும். குரலுக்கும் வீணைக்கும் வாங்குங்கள்.

கேள்வி: அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கரில் வூஃபர் ஓரத்து நுரை முழுக்கக் கொட்டிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: அவசரப்படாதீர்கள். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் நுரை கொட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள், உள்ளே உரசும் சத்தம் இல்லையென்றால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) தப்பித்தது. வயரைக் கழற்றிவிட்டு வூஃபர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் வூஃபர் ஏறக்குறைய 6 காட்ட வேண்டும். காட்டினால் அளவான நுரை வளையம் வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். ரப்பர் நீடிக்கும் என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான், ஆனால் எடையும் விறைப்பும் மாறி பேஸும் மாறிவிடும், நுரையையே கேளுங்கள். அதுவரை அதில் பாட்டுப் போடாதீர்கள்.