தனுஷ்கோடியில் இன்னும் ஆட்கள் வசிக்கிறார்களா? இரண்டு பக்கமும் கடல் இருக்க, குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

வசிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பிறகு, வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. 1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த ரயில் பாதையும் அதோடு போனது. ரயிலையும் துறைமுகத்தையும் நம்பியிருந்தவர்கள் திரும்பவில்லை; மீனவர்கள் திரும்பினார்கள். 2017-இல் திறந்த சாலையில் அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் குடிசைகளைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

திரும்பி வந்ததற்குக் காரணம் உண்டு. வாடைக் காலத்தில் வடக்கே பாக் நீரிணை கொந்தளித்தால், தெற்கே மன்னார் வளைகுடாவில் கரைவலை இழுக்கலாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடலுக்கு மாறலாம். இப்படி இரண்டு கடலும் நடை தூரத்தில் கிடைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். அதிசய ஊற்று என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது மழைத் தண்ணீர்தான். மணலில் இறங்கிய மழை, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. கடல் தண்ணீர் சுமார் இரண்டரை சதவீதம் கனம் அதிகம். கணக்குப்படி, நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அங்குலம் நின்றால் கீழே 40 அங்குலம் வரை இருக்கும். அதே கணக்கு திருப்பியும் அடிக்கும்: 1 அங்குலம் இறைத்து இறக்கினால் அடியிலிருந்து உப்பு 40 அங்குலம் ஏறப் பார்க்கும்.

அதனால்தான் ஆழமாகத் தோண்டுவதில்லை. இரண்டு கரைக்கும் தள்ளி, மேடான மணல் பக்கமாக 3, 4 அடி பறித்தால் போதும். ஈர மணல் சரியும் என்பதால் வாயை அகலமாக விட்டுச் சரிவாகப் பறிக்க வேண்டும், இல்லையென்றால் அடி இல்லாத பீப்பாயையோ சிமெண்டு உறையையோ இறக்க வேண்டும். முதலில் கலங்கலாக வருவதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகு மேலாக மொள்ள வேண்டும். அடியைக் கலக்கக் கூடாது. ஒரு குடம் நிறைந்ததும் ஊற விட்டுத்தான் அடுத்த குடம். அவசரப்பட்டு மோட்டார் வைத்தால் தண்ணீர் கரிக்க ஆரம்பிக்கும். கரித்த குழியை ஆழப்படுத்துவது இன்னும் மோசம். மூடிவிட்டுத் தள்ளி வேறு இடம் பார்ப்பார்கள். கடல் ஏறி மணலை மூழ்கடித்துவிட்டாலோ, நல்ல மழை பெய்து உப்பைக் கழுவும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பக்கம் போனால் குழியில் கால் கழுவிவிடாதீர்கள். அது ஒரு வீட்டின் குடிதண்ணீர்.