‘கொந்தராத்து ஆள்தானே’ என்று மில்காரர் கைகழுவினால்

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவரின் கேள்வி: என் கணவர் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி மில்லில், கொந்தராத்துக்காரர் மூலம் நாள் சம்பளத்துக்கு வேலை செய்தவர். பெல்ட்டில் கை சிக்கி இரண்டு விரல் போய்விட்டது. ‘அவர் எங்கட ஆள் இல்லை’ என்கிறார் முதலாளி. கொந்தராத்துக்காரர் இருபத்தையாயிரம் தருகிறாராம், ஒரு பேப்பரில் கையெழுத்து வேண்டுமாம். என்ன செய்வது?

தங்கச்சி, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம். ‘இனி ஒரு உரிமையும் கோரமாட்டேன்’ என்றுதான் அதில் எழுதியிருக்கும். நட்டஈட்டு உரிமையை அப்படி எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது. ஆனாலும் விசாரணையில் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள்.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நியமனக் கடிதம் இல்லாதவருக்கும் பொருந்தும். மில்லின் வழமையான வேலையைச் செய்தவர் என்றால், நடுவில் கொந்தராத்துக்காரர் இருந்தாலும் முதலாளியிடம் கேட்கலாம். அந்தக் காசை அவர் பிறகு கொந்தராத்துக்காரரிடம் அறவிடுவது அவர்கள் பாடு.

‘தற்காலிக ஆளுக்குச் சட்டம் இல்லை’ என்று ஒரு கதை சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. வேலை எப்போதாவது வருவதாக இருக்க வேண்டும். அதோடு முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. முதலாளி வீட்டுத் தென்னையில் தேங்காய் பறிக்க ஒருநாள் கூப்பிட்ட ஆள் அதில் அடங்குவார். மில்லில் நெல் மூட்டை தூக்குபவரும் பெல்ட்டடியில் நிற்பவரும் ஒருநாள் வேலைக்கு வந்திருந்தாலும் அடங்கமாட்டார்கள்.

2022 திருத்தத்தோடு நட்டஈட்டின் உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபாய். அது முழுவதும் உங்களுக்கு வராது. காயத்தையும் சம்பளத்தையும் பார்த்துத்தான் கணக்கு. இந்த 20 இலட்சத்தைச் சொல்லித்தான் சிலர் வீடு தேடி வருவார்கள்: ‘கொழும்பில் ஆள் இருக்கு, இருபது இலட்சம் எடுத்துத் தாறன், மூன்றில் ஒரு பங்கு எனக்கு.’ படலையோடு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் காயத்தை எழுதித் தந்த அசல் டயக்னோசிஸ் கார்ட்டை அவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

மூன்று நாளுக்கு மேல் சம்பாதிக்க முடியாத காயம் என்றால் மில்காரரே தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அது. யார் அறிவிக்கிறார்கள்? யார் கேட்கிறார்கள்? கோரிக்கையை விசாரிக்கும் நட்டஈட்டு ஆணையாளரோ கொழும்பில். விரல் போனவர் இரவு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் நம் நிர்வாகம்.

சரி, நீங்கள் அம்பாறை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் தொடங்குங்கள். டயக்னோசிஸ் கார்ட் பிரதி, கூட வேலை செய்த இருவரின் பெயர், கொந்தராத்துக்காரர் சம்பளம் எழுதிய கொப்பியின் போன் படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முறைப்பாட்டுப் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள்.